வட்டமாகத் துடைத்த தட்டு

"எங்க கல்யாணத் தட்டுல பால்காரன் மாடக்கண்ணு வாழமரத்துக்குப் பக்கத்துல நிக்கான் பாத்துக்கோ. அன்னைக்கு அவன் ஊர்லயே கெடையாது, மதுரையில மூலத்துக்கு ஆப்பரேசன் பண்ணிக் குப்புறக் கெடந்தான்."

மாவு மில்லின் பெல்ட் நழுவிச் சத்தம் நின்றுபோன ஒரே ஒரு நொடியில், வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்ன இந்தப் பேச்சு உலகம்மாளின் காதில் விழுந்தது. அடுத்த நொடியே மில்காரர் பெல்ட்டைத் தட்டி ஏற்றிவிட்டார். மேற்கொண்டு அவள் என்ன சொன்னாள், மற்றவள் என்ன கேட்டாள் என்பதெல்லாம் சத்தத்தோடும் மாவுத் தூசியோடும் போய்விட்டது. உலகம்மாள் கேட்காதவள் போலத் தன் தூக்குச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்காதவள் போல நிற்பதில் அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம் உண்டு. ஆனால் சூடு ஆறாத அரிசி மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அவள் பால்காரனை நினைக்கவில்லை. தன் வீட்டுப் பீரோவில், பட்டுச் சேலைகளுக்கும் பாச்சா உருண்டைகளுக்கும் நடுவில் இருக்கிற மூன்று தட்டுகளைத்தான் நினைத்தாள்.

சாத்தன்குறிச்சியில் சிடியைத் தட்டு என்றுதான் சொல்வார்கள். தட்டு என்று பெயர் வைத்துவிட்டதால் அதைத் தட்டைப் போலவே எல்லாரும் நடத்தினார்கள். அப்பளம் எடுப்பதுபோல ஐந்து விரலாலும் அள்ளி எடுத்தார்கள், படம் திக்கித் திக்கி ஓடினால் வாயால் ஊதிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்கள், துடைக்கும்போது சோற்றுத் தட்டைத் துடைக்கிற மாதிரியே கையை வட்டமாகச் சுழற்றினார்கள். தோசை மாவை வட்டமாக இழுத்து, ஆரத்தியை வட்டமாகச் சுற்றி, கோயிலை வட்டமாக வலம் வந்து பழகிய ஊரில், வட்டமாக இருக்கிற ஒரு பொருளை வேறு எப்படித் துடைப்பது என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

அந்த வருஷம் பங்குனி உத்திரம் கழிந்த பிறகு, தட்டின் மினுங்குகிற பக்கத்தில் யாருடைய விரல் படுகிறதோ அவர் அந்தக் கல்யாணத்துக்குள் போய் நிற்க ஆரம்பித்தார். ஏன் பங்குனிக்குப் பிறகு, ஏன் சாத்தன்குறிச்சியில் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டே அலுத்துப்போன ஊர் அது. கட்டை விரல் பட்டால் ஆள் முழுசாகக் கிட்டத்தில் வந்து நின்றார், சுண்டு விரல் பட்டால் தூரத்தில் நின்றார். எண்ணெய்க் கையோடு தொட்டவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள், மஞ்சள் அரைத்த கையோடு தொட்டவர்கள் நலங்கு வைக்கிற பெண்களின் கூட்டத்தில் நின்றார்கள். உறையில் போடாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய தட்டுகளில் ஒரு கல்யாணத்து மாப்பிள்ளை இன்னொரு கல்யாணத்துப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார். கழுவி மொட்டை மாடி வெயிலில் காய வைத்த தட்டுக்குள் ஐயர் முதல் மேளக்காரர் வரை அத்தனை பேரும் வியர்த்து வழிந்தார்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதிய தட்டில், பெண்ணின் நெற்றிக்குக் குறுக்கே ஒரு ‘ழ’ கடைசி வரை கிடந்தது.

முதலில் ஊர் இதைக் கொஞ்சம் கொண்டாடியது. பம்பாயிலும் துபாயிலும் இருந்து கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர்கள் லீவில் வந்தபோது, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்று கட்டை விரலை வைத்துவிட்டுப் போனார்கள். பெரிய தெருவில் ஒருவர், செத்துப்போன அப்பா பத்திரத்தில் வைத்திருந்த கைநாட்டின்மேல் தட்டைக் கவிழ்த்து ஒற்றி எடுத்துப் பார்த்தார். ஊதா நிறத்தில் ஒரு புகை மணவறையைக் கடந்து போனதே தவிர அப்பா வரவில்லை, அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை.

பிறகு சந்தேகம் வந்தது. ஒருத்தர் கல்யாணத்துக்குள் நின்றால் அவர் தட்டைத் தொட்டிருக்கிறார். தட்டைத் தொட்டிருந்தால் பீரோவைத் திறந்திருக்கிறார். பீரோ இருப்பது படுக்கிற அறையில். இந்தக் கணக்கைப் போடத் தெரியாத ஆள் ஊரில் இல்லை. வந்து நிற்கிறவர்களை அழிக்க எல்லாரும் தட்டைத் துடைத்தார்கள், துடைத்தால் போய்விடுவார்கள் என்று நினைத்தார்கள். ஆனால் நின்றவர்கள் போகவில்லை, நடக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் கை கோத்து மணவறையை மூன்று சுற்றுச் சுற்றி உட்கார்ந்த பிறகும், அவர்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். சும்மா தொட்டவன் துடைத்தால் போய்விடுவான், உள்ளுக்குள் தொடர்பு இருக்கிறவன்தான் சுற்றுவான் என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் நம்பினார்கள். அதிலிருந்து துடைப்பது சோதனை ஆகிவிட்டது. யார்மேல் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் "தொடச்சுப் பாத்தாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தச் சோதனையில் இதுவரை ஒருத்தர்கூடத் தேறவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

உலகம்மாளுக்கு ஒரே மகன், நெல்லையப்பன். புருஷன் போய் இருபது வருஷம் ஆகிறது. மகன் சார்ஜாவில் ஏசி மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்து, அம்பாசமுத்திரத்துப் பெண் வசுமதியைக் கட்டி, நாற்பதாம் நாள் விமானம் ஏறிவிட்டான். வசுமதி பி.காம். படித்தவள், சத்தம் இல்லாதவள். கதவைச் சாத்தினாலும் சத்தம் வராது, பாத்திரம் விளக்கினாலும் சத்தம் வராது. கல்யாணமான புதிதில் தெருவில் எல்லாரும் இதைப் புகழ்ந்தார்கள், உலகம்மாளும் பெருமைப்பட்டாள். மில்லிலிருந்து திரும்பிய அன்று அதே சத்தமின்மை அவளுக்கு வேறு மாதிரிப் பட்டது. சத்தம் இல்லாமல் கதவைத் திறக்கத் தெரிந்தவள் எத்தனை தடவை திறந்தாள் என்று யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி பிரமுவின் போனுக்கு நெல்லையப்பன் கூப்பிடுவான், வசுமதி அங்கே போவாள். அந்த நேரம் பார்த்து உலகம்மாள் பீரோவைத் திறந்து, இரண்டாம் தட்டை, தாலி கட்டுகிற தட்டை, எடுத்துப் பிளேயரில் போட்டாள். மேளம் முழங்கியது. அவள் மகன் வெட்கப்பட்டான். பட்டுச் சேலையில் பன்னீர்ச் செம்போடு அவளே வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாழைமரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றான். நீலக் கட்டம் போட்ட சட்டை, பையில் பேனா, அரும்பு மீசை, முப்பது வயது இருக்கும். மாப்பிள்ளையையும் பார்க்காமல் கேமராவையும் பார்க்காமல், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சரிபார்க்கிறவன் மாதிரி எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அவள் அவனைப் பார்த்ததில்லை.

உலகம்மாள் தட்டை வெளியே எடுத்தாள். ஊதினாள். சேலைத் தலைப்பைச் சுருட்டி, சாமிக்கு வைக்கிற தட்டைத் துடைப்பதுபோல அழுத்தி, வலமாக ஏழெட்டுச் சுற்றுத் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். மகனும் மருமகளும் எழுந்தார்கள், சுண்டு விரல் கோத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றினார்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நீலக் கட்டம் சுற்றியது. அவர்கள் உட்கார்ந்த பிறகும் அவன் சுற்றினான். அட்சதை விழுந்த பிறகும் சுற்றினான். உலகம்மாள் தட்டை மறுபடியும் வெளியே எடுத்து, ஐந்து விரலாலும் அள்ளப் போனாள்.

"அத்தை, தட்ட ஓரத்துல பிடிங்க."

வசுமதி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, பின்னால் நின்றுகொண்டிருந்தாள். உலகம்மாளின் கையில் இருந்த தட்டை அவள் வாங்கினாள். வாங்கினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆள்காட்டி விரலை நடு ஓட்டையில் விட்டு, கட்டை விரலை விளிம்பில் கொடுத்து, மினுங்குகிற பக்கத்தில் காற்றுகூடப் படாத மாதிரி எடுத்து, உறையில் போட்டு, உறையைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைத்தாள்.

"இப்படிப் பிடிக்க எங்க படிச்ச?"

"காலேஜ்ல கம்ப்யூட்டர் கிளாஸ் இருந்துச்சு அத்தை."

"அந்த ஆளு யாரு?"

வசுமதி திரையைப் பார்த்தாள். திரையில் இப்போது ஒன்றும் இல்லை, நீலமாக மட்டும் இருந்தது. "எந்த ஆளு?" என்றாள்.

அன்று முழுவதும் உலகம்மாள் மருமகளின் விரல்களையே பார்த்தாள். அந்த விரல்கள் கண்ணாடி டம்ளரை அடியில் பிடித்தன, பீரோக் கதவைக் கைப்பிடியில் மட்டும் தொட்டன, சாமி படத்தைச் சட்டத்தில் பிடித்துத் துடைத்தன. ஊரில் எல்லார் விரலும் எங்கேயாவது பட்டிருந்தது. எங்கேயும் படாதவள் இவள் ஒருத்திதான். மறைக்க ஒன்றும் இல்லாதவள் எதற்கு இவ்வளவு பதனமாகப் பிடிக்கிறாள்?

இதை அவள் பிரமுவிடம் மட்டும்தான் சொன்னாள். மறுநாள் மத்தியானம் தெருவில் பாதிப்பேர் வீட்டில் இருந்தார்கள். "மைனி, நெல்லையப்பன் கல்யாணத்த நாங்க இன்னும் தட்டுல பாக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டு, முறுக்கும் சீடையும் எடுத்துக்கொண்டு, பாயை விரித்து உட்கார்ந்து, தாலி கட்டுகிற இடம் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். நீலக் கட்டம் சுற்ற ஆரம்பித்ததும் முறுக்கு கடிக்கிற சத்தம் நின்றது.

"ஆளு லெச்சணமாத்தான் இருக்கான்" என்றாள் ஒருத்தி.

"என்ன பொறும பாரு. நம்ம வீட்டு ஆம்பளைங்க கோயிலச் சுத்தச் சொன்னா ஒரு சுத்துல கால் வலிக்குங்காவ."

வசுமதி எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். திரையைப் பார்த்தாள். "எனக்கு இவங்களத் தெரியாது அத்தை" என்றாள், மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி. டம்ளர்களை அவள் வைத்துவிட்டுப் போன பிறகு பிரமு குரலைத் தாழ்த்தி, "ஒரு டம்ளர்லயாவது வெரல் பட்டிருக்கா பாருங்க. இந்தத் தெறம நமக்கு வருமா?" என்றாள்.

திங்கட்கிழமை உலகம்மாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தாணு ஸ்டுடியோவுக்குப் போனாள். ஊரில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு வீடியோ எடுத்தவர் தாணு அண்ணாச்சி. ‘தட்டை ஓரத்தில் பிடிக்கவும், வட்டமாகத் துடைக்காதீர்’ என்று அவர் எழுதி மாட்டிய போர்டின்மேல் யாரோ தேர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். உலகம்மாள் நோட்டீஸைத்தான் படித்தாள். பிறகு ஆளின் அடையாளத்தைச் சொன்னாள்.

தாணு சிரித்தார். "அது நம்ம சுந்தர்சிங்லா. இங்க கம்ப்யூட்டர் பாத்தவன். படத்தத் தட்டுல எழுதி முடிஞ்சதும் வெளிய எடுத்து, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து, உறையில போடுறது அவன் வேல. ஓரத்துல பிடிடே, ஓரத்துல பிடிடேன்னு தெனமும் சொல்லுவேன், கேட்டாத்தான. அவன் எழுதுன நூறு கல்யாணத்துலயும் அவன் நிப்பான். அவங்கவங்க வீட்டுல நிக்கான்னு யாரும் வெளிய சொல்லுறதில்ல, அவ்வளவுதான்."

"இப்ப எங்க இருக்கான்?"

"வேலைய விட்டுட்டுப் பொண்டாட்டி புள்ளையளோட சொந்த ஊருக்கே போயிட்டான். அம்பாசமுத்திரம்."

அம்பாசமுத்திரம் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் உலகம்மாளுக்குப் பாதிதான் ஏறியது. அவர் சொல்லிக்கொண்டே போனார். "நிக்கானா, சுத்துதானா?"

"சுத்துதான்."

"யாருக்கா தொடச்சது?"

"நான் தொடவே இல்ல."

"வட்டமாத் தொடச்சாத்தான் சுத்துவான். தட்டுக்குள்ள எழுத்து வட்டம் வட்டமா ஓடுது, நீங்க வட்டமாத் தேச்சா கீறல் அந்த எழுத்தோடயே ஓடிருது, பெறவு அவன் எங்க போவான், சுத்த வேண்டியதுதான். நல்ல தண்ணியில ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, பழைய பருத்தித் துணிய வச்சு, நடு ஓட்டையில இருந்து வெளிப்பக்கமா, கொடைக்கம்பி மாதிரி நேரா நேரா இழுத்துருந்தா, அவன் பாட்டுக்கு வாசல் வழியா எறங்கிப் போயிருப்பான். சோதனையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. நான் சொன்னா ஊர்ல யாரு கேக்கா?"

"கீறல் விழுந்த பெறவு?"

"விழுந்தது விழுந்ததுதான்."

திரும்பி வருகிற வழியில் உலகம்மாளுக்குள் இரண்டு பேர் நடந்தார்கள். ஒருத்தி, துடைத்தது நான்தானே என்றாள். இன்னொருத்தி, அம்பாசமுத்திரம் என்றாள். தாணுவுக்கு மறைக்கக் காரணம் இருக்கலாம், வேலை பார்த்தவனை விட்டுக்கொடுப்பாரா. நூறு கல்யாணத்திலும் நிற்பான் என்றாரே, நூறையும் நான் பார்த்தேனா? அவள் வாசலுக்கு வரும்போது அம்பாசமுத்திரம் என்றவள்தான் முன்னால் வந்துகொண்டிருந்தாள். ஆனாலும் வசுமதி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரம், யாருக்கும் தெரியாமல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, நெல்லையப்பனின் பழைய பனியனைக் கிழித்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடு ஓட்டையில் இருந்து வெளியே, நேராக. ஒரு இழுப்பு இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் கை தானாகவே வளைந்தது. நிறுத்தி மறுபடி நேராக இழுத்தாள், மறுபடியும் வளைந்தது; ஐம்பத்தைந்து வருஷம் வட்டமாகப் போன கை. கொல்லையில் வாளிச் சத்தம் நின்றதும், ஈரம் காயாத தட்டை ஐந்து விரலாலும் அள்ளி, பனியனால் சரசரவென்று சுற்றித் துடைத்து, உறைக்குள் தள்ளினாள்.

அன்று சாயங்காலம் பிரமு வீட்டுக்குப் போய், அம்பாசமுத்திரத்தில் வசுமதி வீட்டுத் தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போன் போட்டு, வசுமதியின் அண்ணன் கைலாசத்தைக் கூப்பிட்டுவிடச் சொன்னாள். மகன் வெள்ளிக்கிழமை விடியக்காலம் லீவில் வருகிறான், அவன் வருவதற்குள் உங்கள் பெண்ணை வந்து கூட்டிப் போங்கள் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "தட்டுல எல்லாம் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வசுமதி அழவில்லை. செவ்வாய்க்கிழமை துணிகளை மடித்தாள், புதன்கிழமை பையில் அடுக்கினாள். இடையில் மாமியாருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள். அழாததையும் உலகம்மாள் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் தெரு மறுபடியும் கூடிவிட்டது. நாளைக்கு நெல்லையப்பன் வந்தால் இந்தத் தட்டை இனிப் பார்க்க முடியுமோ முடியாதோ என்று கைக்குழந்தைக்காரிகள்கூட வந்திருந்தார்கள். பிரமுவே தட்டை எடுத்துப் போட்டாள். மேளம், நாதஸ்வரம், மாலை மாற்றல், தாலி. மாப்பிள்ளையும் பெண்ணும் எழுந்தார்கள். நீலக் கட்டம் பின்னால் நடந்தது. நீலக் கட்டத்துக்குப் பின்னால், மூன்றடி தள்ளி, வெளிறிய பச்சை நைலக்ஸ் சேலையில் கண்ணாடி போட்ட ஒரு பெண், தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அது உலகம்மாள். பட்டுச் சேலையில் பன்னீர்ச் செம்போடு வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறவளும் உலகம்மாள்தான். சுற்றுகிறவள் அக்கினியைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை, முன்னால் போகிறவனின் முதுகையும் அதற்கு முன்னால் போகிற பெண்ணின் பின்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்திருந்தது, கண் இடுங்கியிருந்தது. சந்தேகப்படும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று உலகம்மாள் அதுவரை பார்த்ததில்லை. முதலில் அவளுக்கு அந்த முகம் யாருடையது என்றே தெரியவில்லை. இவளை எதற்குக் கல்யாணத்துக்குள் விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

பாயில் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. அதற்குப் பிறகு யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"மைனி," என்றாள் பிரமு, "அங்க பன்னீர்ச் செம்போட நிக்கதும் நீங்க. இந்தப் பச்சச் சேலையும் நீங்க. சுத்துறவாளுக்குத்தான் தொடர்புன்னு ஊர்ல சொல்லுதாவ. அப்பம் உங்களுக்கும் அந்த நீலச் சட்டைக்கும்..."

"இந்த வயசுலயா மைனி!" என்று ஒருத்தி கத்த, பாய் முழுவதும் குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவர்கள் இருந்தார்கள்.

"விடாமப் பின்னாலயே போறாவளே. அவன் எங்க ஓடிருவான்னு?"

"வாயக் கழுவுங்கட்டி!" உலகம்மாள் எழுந்துவிட்டாள். "தொடர்பும் இல்ல எழவும் இல்ல. அது வட்டமாத் தொடச்சதுனால வந்தது. நேராத் தொடச்சிருந்தா ரெண்டு பேரும் வாசல் வழியா எறங்கிப் போயிருப்போம். தாணு அண்ணாச்சி அன்னைக்கே சொல்லிட்டாவ."

சிரிப்பு நின்றது.

"ரெண்டு பேருமா?" என்றாள் பிரமு. "அப்பம் அந்த ஆளு சுத்துறதும்..."

உலகம்மாள் திரும்பியபோது அடுக்களை வாசலில் காப்பித் தட்டோடு வசுமதி நின்றாள். எத்தனை நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் தட்டைக் கீழே வைத்தாள். முதல் தடவையாகச் சத்தம் வந்தது. பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள், குழந்தைக்குப் பசிக்கிறது என்றார்கள், உலை வைக்கவில்லை என்றார்கள். தங்கள் வீட்டுப் பீரோவில் யார் யார் எத்தனை நாளாகச் சுற்றுகிறார்கள், அவர்களை யார் துடைத்தது என்கிற நினைப்பு எல்லார் முகத்திலும் வந்துவிட்டது; ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் செருப்பைத் தேடினார்கள். மாடக்கண்ணுவிடம் பால் வாங்குவதை நிறுத்தியிருந்த ஒருத்தி, வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

நாலு மணி பஸ்ஸில் கைலாசம் வந்தான். வாத்தியார் வேலை, நிதானமான ஆள். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"வாங்க தம்பி" என்றாள் உலகம்மாள்.

"இருக்கட்டும் அத்தை. என் தங்கச்சி என்ன தப்புப் பண்ணினா, அத மட்டும் சொல்லுங்க. கேட்டுக்கிட்டுக் கூட்டிட்டுப் போயிருதேன்."

பிரமு வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. எதிர் வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உலகம்மாளுக்கு அத்தனையும் தெரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவ ஒண்ணும் பண்ணல தம்பி. தட்டு எழுதினவன் வெரல் அதுல பட்டிருந்தது. நான் அத வட்டமாத் தொடச்சேன். தாணு அண்ணாச்சி சொன்ன பெறவும், தெரிஞ்சே, உங்களுக்குப் போன் போட்டேன்."

கைலாசம் தங்கையைப் பார்த்தான். வசுமதி பையோடு வெளியே வந்தாள்.

"இத இங்க சொன்னா யாருக்குக் கேக்கும் அத்தை?" என்றாள். சத்தம் போடவில்லை, ஆனால் எட்டு மாதத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி உலகம்மாள் கேட்டதில்லை. "நீங்க பூத்துக்குப் போன் போட்டீங்க. பூத்துல நிக்கவங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. மூணு நாளா எங்கம்மா வாசத் தெளிக்க வெளிய வரலையாம், அண்ணன்தான் தெளிக்கானாம், காலையில போன்ல சொன்னான். எங்கம்மாவுக்கு உங்க தட்டும் தெரியாது, தாணு அண்ணாச்சியும் தெரியாது. எங்க தெருவுல அந்த ஆளு இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கான். வாண்ணே, போவோம்."

"காலையில நெல்லை வந்துருவான் தாயி. இருந்து..."

"வரட்டும்."

அவர்கள் தெருவில் இறங்கி நடந்தார்கள். எதிர் வீட்டுக் கதவு இரண்டு சாண் திறந்தது. பிரமு ஜன்னலை விட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

உலகம்மாள் உள்ளே போய் டிவியை அணைத்து, அடுப்பை அணைத்து, தட்டை உறையோடு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, நெல்லை வந்தால் கொடு என்று சாவியைப் பிரமுவின் கையில் வைத்துவிட்டு, கட்டியிருந்த பச்சை நைலக்ஸ் சேலையோடு தெரு முழுவதும் பார்க்க வேகமாக நடந்து, பஸ் கிளம்புகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, வசுமதிக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, கண்டக்டரிடம் அம்பாசமுத்திரத்துக்கு மூன்று டிக்கெட் கேட்டாள்.